கருவாட்டுக் கடை டாங்கிகள்

பாலையூற்றில் பைபர் வள்ளப் பட்டறை கட்டினனான். பின்னுக்கு நிற்க ஆளில்லை, சொல்லித்தர ஆளில்லை, இரண்டு தரம் கூரை பறந்தது. அன்புவழிபுரத்தில் வீடு கட்டினனான். அது இடிந்தது. அதே அத்திவாரத்தில் திரும்பக் கட்டினனான், முந்தினதைவிட ஒரு அறை கூட்டி. கடல் ஊருக்குள் வந்துபோன வருடம், உடைந்து கிடந்த வள்ளங்களுக்கு ஓட்டை அடைத்துக் கொடுத்து இந்தக் கரையைத் திரும்பத் தொழிலுக்கு இறக்கினது நான்தான். வேறு ஆட்களும் நின்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், மூன்று பிள்ளைகளையும் பட்டம் வாங்க வைத்தனான். இதுகளுக்கு நடுவில், தீப்பெட்டி அளவான யுத்த டாங்கிகள், கையால் ஒட்டி வர்ணம் பூசினவை, ஒரு அலுமாரி நிறைய வைத்திருக்கிறேன். அதில் ஒரு சக்கரம் கோணல் என்று காட்டுங்கோ, அலுமாரியோடு தூக்கித் தருகிறேன்.

இதை ஏன் இப்ப சொல்லுகிறேன் என்றால், எங்கள் சின்ன டாங்கிக் குழு கண்காட்சிக்கு ஒரு கையேடு அடிக்கப் போகிறது. துண்டு துண்டாக வருகிற மலிவான டாங்கிப் பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிற கையேடு. ஆட்கள் கழித்துவிட்ட பழைய பெட்டிகளை ஒரு மேசையில் வைத்து விற்கவும் போகிறோம் அல்லவா, அதுக்காக. அச்சுக்குப் போக முதல் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி வந்தது. முதல் பக்கத்திலேயே ‘முதலாளி முறை’ என்று பெரிய எழுத்து. கீழே, பாரம் குறைந்த பெட்டியை எடுக்கவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். எங்கள் தெருக் கருவாட்டுக் கடை முதலாளியின் பேரன் எங்கள் குழுவில் இருக்கிறார், தங்கமான பிள்ளை, வாப்பும்மா, முதலாளியின் மனைவி, சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். அவரில் பிழை இல்லை. ஆனால் என் வயதுக்காரரே, உங்களில் பாதிப் பேர் அந்தக் கடை வாசலில் நின்றவர்கள். அந்த முறை யாருடைய மூளையில் வந்தது, அதில் மற்றப் பாதி எங்கே போனது என்று நான் எழுதாமல் வேறு யார் எழுதுகிறது?

அது இறக்குமதிச் சாமான் கண்ணிலேயே படாத காலம். விளையாட்டுச் சாமான் என்றால் மரம், தகரம், பழைய சைக்கிள் றிம். முதலாளி கிண்ணியாவில் இருந்து வந்து எங்கள் தெருவில் கருவாடும் வெங்காயமும் விற்றவர். கையில் தூக்கினால் நிறை சொல்லிவிடுவார். தராசு கடையில் கிடந்தது, ஆனால் அது வாடிக்கையாளரின் மன ஆறுதலுக்கு. ஒரு கச்சான் காற்றுக் காலம், பள்ளிக்கூட விடுமுறை விட்ட கையோடு, துறைமுகத்தில் நனைந்த சரக்கை ஏலம் போட்டார்கள். மற்ற முதலாளிமார் துணிக்கும் தேயிலைப் பெட்டிக்கும் அடிபட்டபோது, எங்கள் முதலாளி யாரும் கேட்காத ஒரு குவியலைக் கேட்டு எடுத்துவிட்டார். கை வண்டியில் ஏற்றி வந்து கடை வாசலில் பிரித்தால், உள்ளே எல்லாம் டாங்கிப் பெட்டி. மூடியில் குண்டு வெடிக்குது, மணல் பறக்குது, டாங்கி முன்னுக்கு வருது. உள்ளே டாங்கி முழுதாக இராது. பிளாஸ்டிக் கொப்புகளில் காய் தொங்குகிற மாதிரித் துண்டுகள் தொங்கும். வெட்டி எடுத்து, பசை பூசி, நாங்கள்தான் ஒட்ட வேண்டும். முதலாளிக்கு அது தெரியாது. அவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் ஒடஞ்சி கிடக்கே!” என்று தலையில் கை வைத்தார்.

முதலாளியின் மனைவியின் தம்பி கடை வாசல் கதிரையில் நாள் முழுக்க இருக்கிற ஆள். வேலை என்று ஒன்றும் செய்யமாட்டார், கதைதான்.

“என்ன மச்சான், கருவாடு வித்து அலுத்துப் போச்சா? சண்டை எப்ப துவங்குற?”

“சிரிடா, நல்லாச் சிரி. பெருநாளைக்கு எல்லாப் பொடியனும் வாப்பாட கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு இஞ்சதான் வருவான். அப்ப உன்ன நான் இந்தக் கதிரையிலயும் இருக்க விடமாட்டன்.”

சொன்னார், ஆனால் முகத்தில் களை இல்லை. வெங்காயத்துக்கு வைத்திருந்த காசை அதில் போட்டிருந்தார். பெட்டிகள் விற்காவிட்டால் பெருநாளைக்குக் கடையில் வெங்காயமே இராது என்பது தெருவுக்கே தெரியும்.

நனைந்த பெட்டிகளைக் காயவைக்க என்னைக் கூப்பிட்டார். ஏன் என்னை என்றால், விடுமுறைக்குச் சும்மா திரிந்தவன் நான். இரண்டாவது, என் கை வேகம். அவருக்குக் காயவைக்கத் தெரிந்த ஒரே வழி கருவாட்டு வழி. கடைக்குப் பின் வளவில், சூடை மீன் காய்ந்த அதே பாயில், கொப்புக் கொப்பாக டாங்கித் துண்டுகளைப் பரப்பினோம். அந்த வருடம் திருகோணமலையில் ஒட்டின டாங்கி எல்லாம் கருவாடு மணத்தது. இப்பவும் யாராவது சூடைக் கருவாடு பொரித்தால் எனக்குப் பச்சை வர்ணம் பூசவேண்டும் போல் கை அரிக்கும்.

வீட்டுக்குப் போனால் அம்மா குசினி வாசலில் மறிப்பா. “கிட்ட வராத! கிணத்தடிக்குப் போ. சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு வா, அதுக்குப் பிறகுதான் சோறு.”

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பாரந்தூக்கி ஓட்டுகிறவருக்குக் கீழே நின்று கையால் சாடை காட்டுகிறவர். “என்னடா சாமான் அது, ஊதினா பறக்கிற சாமான்? அதுக்கு ஒரு பாரந்தூக்கி வேணுமோ?” என்று கேட்டுச் சிரிப்பார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் புத்திதான். கப்பலில் இருந்து இறங்குகிறது பாரமாக இருந்தால் பெறுமதி. இரும்பு, கோதுமை மா, சீமெந்து. இறக்குகிறவனின் முதுகு எவ்வளவு நோகிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. முதலாளியும் அந்த ஊரில் வியாபாரம் படித்தவர்தானே. காய்ந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். பாரமானதை எல்லாம் மேல் தட்டில் அடுக்கி, கூடின விலை சொன்னார். பாரமில்லாததை வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் நிலத்தில் குவித்தார். “இது காத்து. சின்னப் பொடியன்மாருக்கு ஆகும்.”

நான் வெயிலில் அந்தத் துண்டுகளோடு கிடந்தவன். காற்று தாளை இழுத்துக்கொண்டு ஓடும், துரத்திப் பிடிப்பேன். டாங்கியில் ஒட்டுகிற இலக்கங்கள், சின்னங்கள் உள்ள தாள் எத்தனை கடலுக்குப் போனதோ. வெயில் ஏறினால் மெல்லிய பீரங்கிக் குழல்கள் வாழைப்பழம் மாதிரி வளையும் என்று கண்டு, பாயை முருங்கை நிழலுக்கு இழுத்ததும் நான்தான். அதுவும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு துண்டை இன்னொரு துண்டோடு வைத்துப் பார்ப்பேன். பாரமான பெட்டிகளில் பிளாஸ்டிக் தடிப்பு. பலகை மாதிரி. தடித்த இடத்தில் எல்லாம் குழி விழுந்திருக்கும், அம்மைத் தழும்பு மாதிரி. ஓரத்தில் தோல் போல மெல்லிய பிசிறு. டாங்கியின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்த்தால் நடுவில் விரல் நகம் போகும். பாரமில்லாத பெட்டிகளில் துண்டு மெல்லிசு. சக்கரத்தில் ஆணித் தலை தெரியும், எண்ணலாம். மேல் பாதியை வைத்தால் சோற்றுப் பானைக்கு அதன் மூடி மாதிரி வந்து இருக்கும்.

அப்ப எனக்குக் காரணம் தெரியாது. பிறகு பட்டறையில் முதல் அச்சு வார்த்தபோது, தடிப்பான இடம் ஆறும்போது உள்ளே இழுத்துக் குழி விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முழிசினார்கள். நான் பார்த்த உடனே சிரித்தேன். எனக்கு அது பழைய ஆள்.

முதல் பெட்டியை வாங்கினது ஓர்ஸ் ஹில்லில் இருந்து வந்த கிளாக்கர் ஐயா. வெள்ளைக் காற்சட்டை, மூக்குக்கண்ணாடி. மகனுக்கு நல்லதாக ஒன்று வேணும் என்றார். முதலாளி மேல் தட்டில் இருந்து அதிகப் பாரமானதை எடுத்து, அவர் கையில் வைத்து, “தூக்கிப் பாருங்க ஐயா, சாமான் எண்டா இதான் சாமான்” என்றார். ஐயாவும் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். மற்ற நாள் பின்னேரம் அதே பெட்டியோடு வந்து நின்றார்.

“முதலாளி, நீங்கள் எனக்குத் தந்தது டாங்கியோ, செங்கல்லோ? மகன் அழுதுகொண்டு இருக்கிறான். ஒரு துண்டு ஒரு துண்டோட சேருதில்லை.”

முதலாளியின் மச்சினன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். “ஐயா, பசைக்குப் பதிலாச் சீமெந்து பூசிப் பாத்தீங்களா?”

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். சைக்கிளில் போனவர்கள் கால் ஊன்றினார்கள். முதலாளியின் காது சிவந்துவிட்டது. அவ்வளவு பெட்டிகளும் அன்றைக்கே கடலுக்குப் போக இருந்தவை. அந்த நேரத்தில் வாய் திறந்தது நான்.

“முதலாளி, பாரமானது எல்லாம் குழி விழுந்து கிடக்கு. பாரமில்லாததுதான் ஒழுங்கா மூடுது.”

“நீ சும்மா இரி மனே. பெரிய ஆக்கள் கதைக்கக்குள்ள.”

“பாத்தனான். காயவைச்சது நான்தானே. வைச்சுக் காட்டட்டோ?”

மச்சினன்தான், சிரிப்பதற்கு இன்னும் கிடைக்கும் என்ற ஆசையில், “காட்டட்டுமே, காட்டட்டுமே” என்று நிலத்துக் குவியலில் இருந்து ஒரு பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தந்தார். வெங்காயச் சாக்கின் மேல் ஒரு கடதாசியை விரித்தேன். கிளாக்கர் ஐயாவின் டாங்கியில் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் வைத்தேன். வாய் பிளந்து நின்றது. மற்றதை எடுத்து வைத்தேன். டிக் என்று ஒரு சத்தம். பசை இல்லை, ஒன்றும் இல்லை. தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை.

கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டு, சக்கரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். “ஆணியெல்லாம் தெரியுது” என்றார். பெட்டியை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் புரியாத சந்தோசம். கையில் காற்று நிறைந்த மாதிரி.

அடுத்த நாள் காலமை கடைக்குப் போனால், தட்டு தலைகீழாக மாறியிருந்தது. பாரமில்லாதது எல்லாம் மேலே, பாரமானது நிலத்தில். விலையும் அப்படியே மாறியிருந்தது. வந்த ஆளுக்கு முதலாளி சொல்லிக்கொண்டு நிற்கிறார்: “இந்தத் தொழிலுக்கு இந்தக் கை வேணும் ஐயா. நான் தூக்கினாலே தெரிஞ்சிரும். பாரம் குறைஞ்சதுதான் முதல்தரம். எல்லாருக்கும் இது வெளங்காது.”

“நேத்து பாரம் கூடினதுதான் ராசா எண்டியே மச்சான்?” என்றார் கதிரையில் இருந்தவர்.

“நேத்து உன்னச் சோதிச்சிப் பாத்தன்.”

என் பெயர் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவேணும். கடையில் சனம் நிறைந்திருந்தது. முதலாளி எனக்கு ஒரு நன்னாரிச் சர்பத் வாங்கித் தந்தார். நான் வருகிறவர்களுக்கு ஒரு டாங்கியை டிக் என்று மூடிக் காட்டுகிற ஆளாகிவிட்டேன். நாள் முழுக்க டாங்கி தொடலாம், வேறு என்ன வேண்டும்?

பசைக் குழாய்கள் எல்லாம் வெயிலில் கல்லாகிப் போயிருந்தன. அதுக்கும் வழி என் வீட்டில் இருந்துதான் வந்தது. அக்காவின் மாப்பிள்ளை, என் அத்தான், கார்களுக்கு வர்ணம் பூசுகிறவர். அவரிடம் தின்னர் இருந்தது. அதைத் தூரிகையால் தொட்டு வைத்தால் பிளாஸ்டிக் உருகி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். வெட்டிப்போட்ட கொப்புகளை அதில் கரைத்தால் குழி அடைக்கிற களி வரும். பாரமான பெட்டி வாங்கி ஏமாந்த பிள்ளைகளுக்கு நான் அந்தக் களியைத்தான் கொடுத்தது. தடிப்புப் பிளாஸ்டிக்கில் குழியை அடைத்து, தோலைச் சுரண்டி எடுத்தால் அதுவும் டாங்கிதான். கொஞ்சம் பாடுபடவேண்டும், அவ்வளவே.

சரி, இப்ப மற்றப் பாதிக்கு வருகிறேன். கையேட்டில் இல்லாத பாதி.

அத்தானுக்கு என்னில் விருப்பம். நான் எல்லாருக்கும் பெட்டி பார்த்துக் கொடுக்கிறேன், எனக்கென்று ஒன்று இல்லை என்று கண்டு, ஒருநாள் நான் இல்லாத நேரம் கடைக்குப் போனார். முதலாளி கையில் தூக்கிப் பார்த்து, கடையிலேயே பாரம் குறைந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார். “இதுக்கு மேல தரம் உலகத்துலயே இல்ல தம்பி.” விலையும் அதுக்கேற்ற மாதிரித்தான் சொல்லியிருக்கிறார். அத்தான் சேர்ட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்து எனக்குத் தந்தார். திறந்தால், உடம்பு இருக்கு, சக்கரம் பாதி இருக்கு, சக்கரங்களைச் சுற்றிப் போடுகிற றப்பர் பட்டை இரண்டு இருக்கு. தலை இல்லை. குழல் இல்லை. தலையும் குழலும் இல்லாத டாங்கி, சோப்புப் பெட்டி மாதிரி.

அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். “முதலாளி, இதின்ர தலை எங்க?”

முதலாளி பெட்டியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கை என்னை நோக்கி நீண்டது. என் பெயரைச் சொன்னார், முழுப் பெயரும், தெருவுக்கே கேட்கச் சொன்னார். “பாரம் குறைஞ்சது நல்லது எண்டு சொன்னது உங்கட மச்சினன்தானே! நானா சொன்ன? எனக்கென்ன தெரியும் டாங்கியப் பத்தி, நான் கருவாடு விக்கிறவன்!”

கதிரையில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் கதிரைக் கால் முறிந்தது. கதை கட்டவில்லை, முறிந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னது எனக்கு உறைத்தது. பாரம் குறைய இரண்டு காரணம் இருக்கலாம்: மெல்லிசாக வார்த்திருக்கும், அல்லது துண்டே இராது. நிலத்தில் குந்தி இருந்து, ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காதுக்குக் கிட்ட வைத்து மெதுவாகச் சரித்தேன். முழுக் கொப்பாக இருந்தால், சர் என்று ஒரே சத்தத்தில் ஒரு பக்கம் வழுக்கும். கழன்ற துண்டு இருந்தால் கலகலக்கும். அது ஒட்டலாம், பயமில்லை, ஆனால் எல்லாம் இருக்கா என்று திறந்து பார்க்கவேணும். சத்தமே இல்லாமல் பாரம் மட்டும் ஒரு மூலைக்கு ஓடினால், உள்ளே பாதிதான் கிடக்கும். மூடியைத் திறந்தால் கொப்பில் காய் இருந்த இடத்தில் முறிந்த காம்பு தெரியும். காம்பு இருந்து காய் பெட்டிக்கு அடியில் இல்லை என்றால் வாங்காதே. கடைசியாக, றப்பர் பட்டை எங்கே கிடக்குது என்று பார். எங்கள் ஊர் வெக்கையில் அந்தப் பட்டை சக்கரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால், சக்கரத்தைத் தின்றுவிடும். வெண்ணெயில் விரல் வைத்த மாதிரிப் பள்ளம் விழும்.

அன்றைக்கும் அடுத்த நாளும் முதலாளியும் நானும் எல்லாப் பெட்டியையும் அப்படிச் சரித்துச் சரித்துப் பிரித்தோம். முழுசு ஒரு பக்கம். கழன்றது ஒரு பக்கம். குறைப் பெட்டிகளை ஒன்றாகக் கொட்டி, தலை இல்லாததுக்குத் தலை தேடினோம். முதலாளி அதில் கெட்டிக்காரர், சொல்லத்தான் வேண்டும். வெங்காயம் பொறுக்கின கண். “இஞ்ச பாரு மனே, இது அந்தப் பெட்டிட சக்கரம்” என்று சரியாக எடுத்துத் தருவார். என் டாங்கிக்கு மட்டும் தலை கிடைக்கவில்லை. மருந்துப் போத்தல் மூடியில் தலை செய்து, பேனைக் குச்சியில் குழல் வைத்தேன். எந்தப் படையிலும் அப்படி ஒரு டாங்கி இல்லை. வீடு இடிந்தபோது அதுவும் போய்விட்டது. உண்மையான டாங்கிகள் இந்த றோட்டுகளில் ஓடின காலம் பிறகு வந்தது. அதை எழுதவென்று நான் இப்ப உட்காரவில்லை.

பெருநாளைக்கு முதல் தட்டு வெறுமையாகிவிட்டது. வெங்காயமும் வந்து இறங்கியது. மச்சினனுக்குப் புதுக் கதிரை. நிலத்தில் கிடந்த பாரமான பெட்டிகள்கூடப் போய்விட்டன, களியும் சேர்த்து மலிவு விலைக்கு. அந்தப் பிள்ளைகள்தான் கனநாள் டாங்கியோடு இருந்ததுகள். அடைத்து, சுரண்டி, திரும்ப அடைத்து. டிக் என்று மூடினதை வாங்கினவர்கள் ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்டார்கள். ஒரு பெட்டியின் பெறுமதியைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இதையும் சேர்த்துத்தான் இப்பவும் சொல்லுகிறது. உன் கையில் எவ்வளவு வேலை இருக்குது என்று முதலில் பார், பிறகு பெட்டியைப் பார் என்பேன்.

முதலாளி காலமாகும் மட்டும் பாரம் குறைந்த பெட்டிக் கதையைத் தன் கதையாகவே சொன்னார். கலியாண வீட்டில் சொல்லுவார், கப்பலில் வந்த ஆட்களுக்குச் சொல்லுவார். ஒருதரம் எனக்கே சொன்னார், நான் அங்கே நிற்காத மாதிரி. நான் ரசித்துக் கேட்டேன். நல்லாகச் சொல்லுவார். ஆனால் பெட்டியைச் சரித்துப் பார்க்கிற பாதியை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் தலை இல்லாத டாங்கியையும் சொல்லவேண்டி வருமே. வாப்பும்மாவுக்குச் சொல்லாமல் விட்டது பேரனுக்கு எப்படித் தெரியும்? இப்ப அந்தப் பாதி இல்லாமல் கையேடு அடித்தால், கண்காட்சி மேசையில் பிள்ளைகள் ஆகப் பாரம் குறைந்த பெட்டியைத் தேடித் தேடி எடுப்பார்கள். வீட்டுக்குப் போய்த் திறப்பார்கள்.

ஆகவே எழுதிக் கேட்கிறேன். ‘முதலாளி முறை’ என்ற தலைப்பை வெட்டச் சொல்லவில்லை. கடை அவருடையது, ஏலத்தில் துணிந்து கேட்டதும் அவர், அவர் இல்லாவிட்டால் எங்கள் ஒருவர் கையிலும் டாங்கி இல்லை. அது இருக்கட்டும். அதுக்குக் கீழே, தூக்கிப் பார்த்த பிறகு காதுக்குக் கிட்டச் சரித்துப் பார், காம்பைப் பார், பட்டையைப் பார் என்று நான் மேலே எழுதினபடியே போடுங்கோ. அதுக்குப் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கோ. ‘உதவி’ என்று போடவேண்டாம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லுகிற கூட்டத்துக்குள் தள்ளவும் வேண்டாம். இரண்டு பாதியும் கண்டுபிடித்தவர் என்று போடவேணும். அந்தக் கடையில் என் பெயரை உரத்துச் சொன்னது ஒரே ஒரு தரம், அதுவும் பிழைக்கு. சரிக்கும் ஒருதரம் அதே சத்தத்தில் சொல்லுங்கோ. அச்சுக்குப் போக முதல் கொண்டுவந்து காட்டுங்கோ. மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனால் வாசித்துப் பார்த்த பிறகுதான் ஓம் என்பேன்.